வடிந்த காதும் வெளுத்த தோலும்

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880ல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் போகிறவர்கள் வெண்கலச் சிலைகளின் முகத்தைப் பார்ப்பார்கள், கை முத்திரையைப் பார்ப்பார்கள். நான் காதைப் பார்க்கச் சொல்வேன். நம் பக்கத்துப் பழைய சிலைகளில் விஷ்ணுவானாலும் சரி, தேவியானாலும் சரி, காதின் மடல் துளைபட்டு, நீண்டு, தோளை நோக்கி இறங்கியிருக்கும். செய்தவனுக்கு அது குறையாகத் தோன்றியிருக்க வழியில்லை. தெய்வத்துக்கு எது அழகோ அதைத்தான் அவன் மெழுகில் பிடித்து உலோகத்தில் வார்த்தான். அங்கிருந்து வெளியே வந்து அதே வளாகத்தில் இருக்கும் ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு நடந்துவிடலாம். கிளிமானூரில் 1848ல் பிறந்து எண்ணெய் வண்ணத்தில் கை தேர்ந்தவர் அவர். 1894ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அந்தப் படங்களில் அம்மனுக்குத் தோள்வரை தொங்கும் காது கிடையாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இருப்பதுபோல அடக்கமான காது, அதில் ஒரு நகை, அவ்வளவுதான்.

அம்மனுக்குக் காது சுருங்கிய அதே காலத்தில்தான் தென்திருவிதாங்கூரில் மனுஷிகளின் காதும் சுருங்கத் தொடங்கியது. அந்தக் கதையைப் பேசாமல், இன்று நாக்கைப் பிளந்துகொள்கிற பையனைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீசுவரம் பக்கமெல்லாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியின் கீழ் இருந்த தமிழ் ஊர்கள். அங்கும் திருநெல்வேலிச் சீமையிலும் பெண்குழந்தை பிறந்தால் கொஞ்ச நாளிலேயே காது குத்திவிடுவார்கள். குத்துவது இன்றைக்குப் போல ஊசித் துளை அல்ல, கத்தி முனையால் கீறிய துளை. அதில் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திரித்துச் செருகுவார்கள். புண் ஆற ஆறப் பஞ்சு பெரிதாகும். அப்புறம் பனையோலையை இறுக்கச் சுருட்டி உள்ளே வைப்பார்கள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும், அந்த விசையில் துளை அகலும். இரவும் பகலும் ஓய்வில்லாமல் வேலை செய்கிற கருவி அது, காசு செலவும் கிடையாது. துளை போதுமான அளவு வந்ததும் ஈயத்தில் செய்த குணுக்கை மாட்டுவார்கள். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. குணுக்கின் கனத்தில் மடல் இறங்கி இறங்கி, பெண் சமைகிற வயதில் தோளைத் தொட்டுவிடும். இதைத்தான் காது வடிப்பது என்பார்கள். அதற்கென்றே ஊர் ஊராக வரும் காதுகுத்திக் குறவர்கள் உண்டு. கீறுகிற இடம் மடலின் நடுவில் சரியாக விழ வேண்டும், ஒரு பக்கம் மெலிந்துவிட்டால் பின்னால் அறுந்துபோகும். அந்தக் கணக்கு கைப்பழக்கத்தில் வருவது.

வலியைப் பற்றிக் கேட்டால் பாட்டிமார் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். என் அப்பாவின் அத்தை ஒருத்தி மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்: "பழுத்து ஒழுகும் மக்கா. ராத்திரி ஒருச்சாய்ச்சுப் படுக்க முடியாது. அழுதா எங்கம்மைகிட்ட அடிதான் கிட்டும். மூளிக்காதியை எவன் எடுப்பான்னு கேப்பா." வடிக்காத காது அன்றைக்கு மூளி. ஒன்று இல்லாமல் போன உடம்பு. ஐந்து வயதில் அழுதுகொண்டு படுத்திருந்த குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அப்படி வடிந்த காதில்தான் பாம்படம் ஏறும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா ஒரு தொங்கட்டான் இல்லை. கனசதுரம், உருண்டை, அரையுருண்டை, தட்டு என்று வடிவங்களை ஒன்றோடொன்று பற்றவைத்த சிறு கட்டடம். மெல்லிய தங்கத் தகட்டை மடக்கி, உள்ளே அரக்கு நிரப்பி, அதைப் பொருத்துவார்கள். தண்டட்டி, முடிச்சு, அரிசித்தட்டு, நாகவடம் என்று அதனோடு சேர்ந்த உருப்படிகள் பல. மேல்காதுக்குக் கொப்பும் முருகும். நாயர் வீடுகளில் இதே நீண்ட காதில் வட்டமான தோடை. மேல்காதில் வளையம் இட்டுக்கொண்ட சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அதுவே அடையாளம். காதைப் பார்த்தாலே ஆள் எந்த ஊர், எந்தச் சாதி, வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சாலைக் கடைத்தெருவில் பழைய பாம்படத்தை விற்கக் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வந்தால் தட்டான் முதலில் செய்வது, தகட்டைக் கீறி அரக்கை உருக்கி எடுப்பது. வெளியே எடுத்த பிறகு தராசில் நிற்கும் தங்கம் பார்வைக்குத் தெரிந்ததைவிடக் குறைவாக இருக்கும். கொண்டுவந்தவர் முகம் வாடும். தட்டான் அந்த வேலைப்பாட்டுக்கு ஒரு நயா பைசா தரமாட்டார். உருக்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். இப்படி உருகிப்போன பாம்படங்களுக்குக் கணக்கே இல்லை.

அழகு என்று நாம் சொல்கிறபோது, அது யாருக்கு அனுமதிக்கப்பட்டது என்ற கேள்வியைத் திருவிதாங்கூரில் தள்ளிவைக்கவே முடியாது. தங்கம் வெள்ளி அணிய அரசுக்கு அடியறப் பணம் கட்டி உரிமை வாங்க வேண்டியிருந்த நாடு இது. ராணி கௌரி பார்வதி பாய் 1818ல் அந்தத் தடையை நீக்கினார் என்று சரித்திரம் சொல்லும். சட்டத்தில் நீங்கியது ஊரில் நீங்கப் பல தலைமுறை ஆயிற்று. நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பட்ட அடியும் அதை அணிய அனுமதித்த 1859ன் அரசாணையும் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும், அதை இங்கே விரிக்கவில்லை. அதிகம் பேசப்படாதது கல்லுமாலை.

புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடிமணியும் கோத்த மாலை அணிய வேண்டும். காதில் இரும்பு வளையம். தங்கம் கூடாது. அணியாமல் இருக்கவும் கூடாது. அணிவதும் அணியாததும் அவள் கையில் இல்லாதபோது அந்த மாலையை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது? திருவனந்தபுரத்துக்கு அருகே வெங்ஙானூரில் 1863ல் பிறந்த அய்யன்காளி அதை அறுத்தெறியச் சொன்னார். 1915 அக்டோபரில் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் கலவரமே வெடித்தது. குடிசைகள் எரிந்தன, ஆட்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். டிசம்பரில் கொல்லம் பீரங்கி மைதானத்தில் கூட்டம் கூடியது. சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை. அய்யன்காளி கேட்டுக்கொண்டதும் பெண்கள் மேடையருகே வந்து கழுத்தில் கிடந்ததை அறுத்துக் குவித்தார்கள். ஒரு தலைமுறை தன் உடம்பைத் தானே திருத்தி எழுதிய நாள் அது. அய்யன்காளியின் சிலை வெள்ளயம்பலத்தில் நிற்கிறது, 1980ல் இந்திரா காந்தி திறந்துவைத்தது. அருங்காட்சியகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். காதைப் பார்த்தவர்கள் அங்கும் போய் ஒரு நிமிடம் நிற்கலாம்.

பாம்படக் காதும் கல்லுமாலையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஒன்று வீட்டார் ஆசையோடு செய்தது, மற்றது மேலே இருப்பவன் இட்டது. ஆனாலும் இரண்டிலும், உடம்புக்குச் சொந்தக்காரி கடைசியில்தான் வருகிறாள்.

வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து எழுதியதும் ஒரு தனிக் கதை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் திருவனந்தபுரத்தில் இருந்து ஊழியம் செய்தவர். 1871லும் 1883லும் வந்த அவருடைய புத்தகங்கள் இல்லாமல் அந்தக் காலத்துத் திருவிதாங்கூரின் அன்றாடத்தை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்க முடியாது. அந்த நன்றி உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1906ல் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில் காது வடிப்பதையும் பச்சை குத்துவதையும் உருக்குலைவு, அங்கச்சிதைவு என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தலைப்பை எழுதிய காலத்தில் அவருடைய நாட்டுப் பெண்கள் திமிங்கல எலும்பும் எஃகும் வைத்துத் தைத்த கச்சையால் விலாவை இறுக்கி இடுப்பைக் கைப்பிடிக்குள் அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு உருக்குலைவு என்று அவர் அத்தியாயம் ஒதுக்கவில்லை, அது நாகரிகம். பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய உடம்பு எப்போதும் இயற்கையாகவே தோன்றும்.

அந்தப் பெயர் நம் வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது, சினிமா வந்தது, பட்டணத்து மாப்பிள்ளை வந்தான். வடிந்த காது பட்டிக்காட்டுக் காது ஆனது. கள்வர் பயமும் சேர்ந்துகொண்டது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் காதோடு அறுத்துக்கொண்டு போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. எந்த அம்மை மூளிக்காதியை எவன் எடுப்பான் என்று கேட்டாளோ, அவளுடைய மகளைப் பார்த்து, வடிகாதியை எவன் எடுப்பான் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். இடையில் ஒரே தலைமுறைதான். அதற்குள் அழகு தலைகீழாகிவிட்டது. பாதி வடித்த காதோடு மாட்டிக்கொண்ட பெண்கள் என்ன செய்வார்கள்? வெட்டித் தைத்துக்கொண்டார்கள். தொங்கும் சதையை அறுத்து, ஓரத்தைப் புதிதாகச் சீவி, மேலே சேர்த்துத் தையல் போட்டு, ஆறிய பிறகு அதிலேயே பொட்டுக் கம்மலுக்கு ஒரு துளை. என் பெரியம்மை அப்படித்தான் தைத்துக்கொண்டாள். மடலின் குறுக்கே கோடுபோல ஒரு தழும்பு, கம்மல் அதை மறைத்துக்கொண்டிருக்கும். குழந்தையில் ஒரு கத்தி, குமரியில் ஒரு கத்தி. இரண்டுமே கல்யாணத்துக்காக.

அருணாசலப் பிரதேசத்தில் ஆபதானிப் பெண்கள் மூக்கின் இருபுறமும் கட்டை செருகி, முகத்தில் பச்சை குத்திக்கொண்டார்கள். 1970களில் அந்தச் சமூகத்து இளைஞர்களே அதை நிறுத்தினார்கள். இன்று அந்த முகங்களைத் தேடிப் புகைப்படக்காரர்கள் போகிறார்கள். நம் பாம்படப் பாட்டிகளுக்கும் அதேதான் நடக்கிறது. உயிரோடு இருந்தவரை பேத்தி கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூச்சப்பட்ட காது, இப்போது நாட்காட்டியில் அச்சாகிறது.

இன்று திருவனந்தபுரத்துச் சாலையோரங்களில் டாட்டூ ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. காது மடலில் வளையத்தைச் செருகி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பேருந்திலேயே பார்க்கலாம். கொள்ளுப் பாட்டி பனையோலையில் செய்ததை இவர்கள் அக்ரிலிக்கிலும் எஃகிலும் செய்கிறார்கள். வேலைக்கு நேர்முகம் வரும்போது சிலர் மருத்துவரிடம் போய்த் தைத்துக்கொள்கிறார்கள், பெரியம்மையைப் போலவே. இதில் எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. பதினெட்டு வயது நிறைந்தவன், தானே முடிவெடுத்து, தானே காசு கொடுத்து, வேண்டாம் என்று எழுந்துபோகும் வாய்ப்போடு உட்கார்ந்து செய்துகொள்வது, பஞ்சுத் திரியோடு அழுத குழந்தையின் நிலையைவிட நூறு மடங்கு மேல்.

அதிர்ச்சி வேறு இடத்தில் வருகிறது. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடைக்காரர் ஒருவரும் அவருடைய கூட்டாளியும் கைதானார்கள். வாடிக்கையாளர்களின் நாக்கைப் பிளந்து தைத்து, அதைக் காணொளியாகவும் வெளியிட்டிருந்தார்கள். கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. பாம்பு நாக்கு என்று ஊரே பதறியது. எனக்கு அந்த நாக்கின் வடிவம் ஒரு பொருட்டில்லை. நாக்கில் ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் எங்கே இருக்கின்றன என்று படிக்காத கை, மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கையாளத் தகுதியில்லாத கை, அங்கே கத்தி பிடித்தது என்பதுதான் விஷயம். காதுகுத்திக் குறவரிடம் தலைமுறைப் பழக்கமாவது இருந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, யாரும் பதறாத இடத்தில் நடப்பது. மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021க்கும் 2023க்கும் இடையில் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறி, கால் வீங்கி வருகிற நோயாளிகள். சவ்வு சார்ந்த சிறுநீரக நோய் கண்ட 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற, பொதுவாக அரிதாகத் தென்படுகிற வகை. அவர்களில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், அதனால் முகம் வெளுக்கும். அது தோலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரக வடிகட்டியில் போய் உட்காரும். 2023ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்று பெயர் வைத்துக் கடைகளில் சோதனை நடத்தியது. உரிமம் இல்லாத சரக்கு எவ்வளவோ அகப்பட்டது.

நாக்கைப் பிளந்தவன் முகம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. பாதரசம் பூசிய பெண் பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். பார்த்தாலும், நிறம் வைத்திருக்கிறாயே என்று பாராட்டுவோம். உடம்பை மாற்றிக்கொள்வதில் தீவிரம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். வடிகாது ஒருத்தியின் சிறுநீரகத்தையும் கெடுத்ததில்லை.

இதே நகரத்தில், தொழில்நுட்பப் பூங்காவை ஒட்டிய பகுதியில், 2025 பிப்ரவரியில் இளம்பெண் ஒருவர் தனியார் மையம் ஒன்றில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்குப் போனார். அதன்பின் உடல்நிலை மோசமாகி, உயிரைக் காப்பாற்ற அவருடைய கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்களை எடுக்க வேண்டிவந்தது. அவரைக் குறைசொல்லி எழுதியவர்களை நான் மறக்கவில்லை. ஆசைப்பட்டாள், அனுபவிக்கிறாள் என்றார்கள். வயிறு மெலிய வேண்டும் என்ற ஆசையை அவர் தானாகக் கண்டுபிடித்தாரா? மூளிக்காதி என்று கேட்ட அதே வாய்தான் இன்று பிரசவம் ஆகி இத்தனை மாதம் ஆயிற்று, இன்னும் வயிறு இறங்கவில்லையா என்று கேட்கிறது. கேட்கிறவர் பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார். அந்த அன்புதான் ஓலைச் சுருள்.

குழந்தைகளின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பொங்கலையை ஒட்டிச் சிறுவர்கள் குத்தியோட்ட விரதம் இருப்பார்கள். ஏழு நாள் கோயிலில் தங்கி, ஆயிரத்தெட்டு நமஸ்காரம் செய்து, முடிவில் விலாவில் மெல்லிய கம்பி குத்தி நூல் கோத்துக்கொள்வார்கள். 2018ல் காவல்துறை உயரதிகாரி ஸ்ரீலேகா இது குழந்தைகளுக்குச் செய்யும் கொடுமை என்று எழுதினார். மாநிலக் குழந்தை உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து வழக்குப் பதிந்தது. பக்தர்களுக்கு அது புண்பட்டது. சிறுவர்கள் விரும்பித்தான் வருகிறார்கள், பெயருக்கு ஒரு கீறல்தான் என்றார்கள். எனக்கு அந்தக் கோயில்மேல் பக்தி உண்டு. பொங்கலை நாளில் செங்கல் அடுக்கிப் பானை வைத்த தெருவெல்லாம் என் தெருதான். ஆனாலும் ஏழு வயதுப் பையன் தலையாட்டுவது சம்மதம் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். பதினெட்டு தாண்டி அவனே வந்து வேல் குத்திக்கொள்ளட்டும், நான் கைகூப்புகிறேன். நாக்கைப் பிளந்துகொள்ள விரும்பும் பெரியவனுக்கு நான் தருகிற சுதந்திரத்தை, அந்தக் குழந்தைக்குத் தராமல் இருக்க முடியாது.

வீட்டில் இன்னும் வடிகாதோடு ஒரு கிழவி இருந்தால், அவள் சம்மதித்தால், காதில் கிடக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் அவள் சொல்கிற பெயரை எழுதி வையுங்கள். உருக்க மட்டும் கொடுக்காதீர்கள். தங்கத்தின் விலை ஏறும், அந்த வேலைப்பாடு திரும்பி வராது.

உடம்பில் கத்தி வைக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. கேரளத்தில் மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2018லேயே வந்துவிட்டது. சிகிச்சை மையங்கள் பதிவு செய்து, சான்றிதழைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அதைத் தேடுங்கள். அறுவை செய்பவர் யார், என்ன படித்தவர், மயக்க மருந்து கொடுப்பவர் யார், நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். பதில் தாளில் வேண்டும். கிரீம் டப்பாவைத் திருப்பி, தயாரித்தவரின் விலாசமும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். பூசியிருந்தால் நிறுத்திவிட்டு, ஒருமுறை சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். எந்த அரசு மருத்துவமனையிலும் அதைச் செய்வார்கள்.